பின் இருக்கையை மறக்காத கார்



ஒரு வாகனம் நல்லதா, கூடாததா என்று அறிய வேண்டுமானால் அதை ஓட்டுபவரிடம் கேட்காதீர்கள். மடியில் பிள்ளையும் காலடியில் பையுமாகப் பின் இருக்கையில் குலுங்கிக் குலுங்கி நான்கு மணி நேரம் பயணம் செய்த உம்மாவிடம் கேளுங்கள். இயந்திரத்தின் வேகமும் வெளித் தகட்டின் மினுக்கமும் ஓட்டுபவரை மயக்கிவிடும். பின்னால் இருப்பவருக்கோ இடுப்பு வலிதான் சாட்சி சொல்லும்.

அப்படிப் பின்னால் அமரும் சகோதரி ஒருவர் சில மாதங்களுக்கு முன் பிரான்சிலிருந்து எனக்கு எழுதியிருந்தார். அவருடைய கணவர் என்னிடம் ஓதிய மாணவர். இப்போது மூன்று சிறு பிள்ளைகளோடு அங்கே குடியிருக்கிறார்கள்.

“ஹஸ்ரத், எங்கள் தெருவில் ஒரு பழைய கார் நிற்கிறது. கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கீழெல்லாம் உடைந்துபோன கார் என்றுதான் நினைத்தேன். சொந்தக்காரர் வந்து ஸ்டார்ட் பண்ணினார். அது அப்படியே மெல்ல எழுந்து நின்றது! பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து இவருக்கு அந்தக் காரின் நினைவுதான். ஐம்பது வயதான காருக்குச் சேமித்த பணத்தைக் கொடுப்பதா? இவருக்கு நீங்கள் சொல்லுங்கள். அல்லது எனக்காவது விளங்கப்படுத்துங்கள்.”

கூடவே ஒரு படமும் இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மௌலவிக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். என் சாச்சா கராஜ் வைத்திருந்தவர். விடுமுறையில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். படத்தில் இருந்தது ‘சிட்ரோயன் ஜீ.எஸ்.’ என்னும் பிரெஞ்சுக் குடும்பக் கார். அந்தச் சகோதரிக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். ஏனெனில் பழைய பொருள் ஒன்றை வாங்குவதும் விற்பதும் எல்லா வீட்டிலும் நடக்கின்ற காரியம்தானே!

ஏழைக்கொன்று, செல்வந்தருக்கொன்று

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிட்ரோயன் நிறுவனம் இரண்டு புகழ்பெற்ற கார்களைச் செய்தது. ஒன்று, 1948ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த ‘டூ சீ.வீ.’. கிராமத்து விவசாயி கூட வாங்கக்கூடிய எளிய கார் அது. மற்றையது, 1955ஆம் ஆண்டு அதே பாரிஸ் கண்காட்சியில் வந்த ‘டீ.எஸ்.’. முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் அதற்கு முன்பதிவு செய்தார்கள். அமைச்சர்களும் டொக்டர்களும் பெரும் வணிகர்களும் ஏறிய கார் அது. 1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி பாரிஸ் நகருக்கு அருகே ஜனாதிபதி டி கோலைக் கொல்லச் சுட்டபோது, டயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் அவரையும் அவரது மனைவியையும் சுமந்து தப்பி ஓடியது ஒரு டீ.எஸ். கார்தான்.

ஆனால் நடுத்தரக் குடும்பத்துக்கு? பள்ளிக்கூட ஆசிரியருக்கும் காரியாலய ஊழியருக்கும் ஏற்றதாக அந்த நிறுவனத்திடம் நீண்ட காலம் சரியான கார் இருக்கவில்லை. 1961இல் வந்த ‘அமி 6’ கூட டூ சீ.வீ.யின் அடித்தளத்தில் செய்யப்பட்டதுதான். அந்த இடைவெளியை நிரப்ப 1970ஆம் ஆண்டு வந்ததே ஜீ.எஸ். அடுத்த ஆண்டே, 1971ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருது அதற்குக் கிடைத்தது.

இதன் இயந்திரம் 1015 கன சென்ரி மீற்றர் மட்டுமே. எங்கள் நாட்டிலும் தெருத்தெருவாக ஓடிய மொறிஸ் மைனர் 1000 காரின் இயந்திரத்துக்கு ஏறத்தாழச் சமமான அளவுதான். தண்ணீரால் அன்றிக் காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இயந்திரம் அது. ரேடியேற்றரில் தண்ணீர் வற்றிவிடுமோ என்ற கவலை இல்லை. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தை ரொபேர் ஒப்ரோன் என்பவரின் தலைமையில் வரைந்தார்கள். இந்தச் சிறிய இயந்திரத்தோடு மணிக்கு 140 கிலோ மீற்றருக்கு மேல் ஓடியது என்றால், அதற்கு அந்த வடிவம் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இதன் உண்மையான சிறப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

உருண்டைக்குள் ஒரு மூச்சு

சாதாரண காரில் சக்கரத்துக்கு மேல் இரும்புச் சுருள் அல்லது வளைந்த இரும்புத் தகடு இருக்கும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் அந்த இரும்பு அசைந்து கொடுக்கும். ஜீ.எஸ். காரிலோ இரும்புச் சுருள் இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உருண்டை இருக்கிறது. தேங்காய்க் குரும்பை அளவான இரும்பு உருண்டை அது. அதன் உள்ளே குறுக்காக ஓர் இறப்பர்த் திரை. திரைக்கு ஒரு புறம் நைதரசன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். மறு புறம் ஒருவகை எண்ணெய்.

சக்கரம் ஒரு கல்லில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் திரையைத் தள்ளும். திரை வாயுவை நெருக்கும். காற்றடைத்த தலையணையில் கை வைத்தது போல வாயு அமுங்கி மீளும். உள்ளே இருப்பவருக்கு அந்தக் கல்லின் செய்தி பாதிதான் வந்து சேரும்!

இன்னொரு வேலையும் இதில் உண்டு. பின்னால் மூன்று பேர் ஏறினால் எந்தக் காரும் சற்றுத் தாழும். ஜீ.எஸ். தாழ்ந்தவுடன், ஒரு சிறிய வால்வு அதை உணர்ந்து எண்ணெயை மேலும் உள்ளே விடும். கார் பழைய உயரத்துக்கே வந்துவிடும். இயந்திரத்தோடு சுழலும் ஒரு பம்பு அந்த எண்ணெயை 150 பார் அளவுக்கு அழுத்தி வைத்திருக்கும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் இந்த அழுத்தம் மெல்ல மெல்லக் குறையும். அதனால்தான் தெருவோரத்தில் நின்ற கார் தரையோடு படுத்துக் கிடந்தது. இயக்கியதும், சுமையேற்றப் படுத்திருந்த ஒட்டகம் எழுவது போல எழுந்து நின்றது. அந்தச் சகோதரி கண்டது பழுது அல்ல. அந்தக் காரின் இயல்பே அதுதான்.

பிரேக்குக்கும் இதே எண்ணெய்தான். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த விலைக் கார்கள் பலவற்றில் பின் சக்கரத்துக்கு அது கிடையாது. பின் சக்கரப் பிரேக்குக்கு வேண்டிய அழுத்தம் பின்பக்க உருண்டைகளின் பக்கமிருந்தே வருகிறது. எனவே, பின்னால் பாரம் கூடக்கூடப் பின் பிரேக்கின் பிடியும் கூடும். உம்மாவும் பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள் என்பதைக் காரே அறிந்து வைத்திருப்பது போல!

கோடை விடுமுறைப் பயணம்

இதையெல்லாம் ஏன் செய்தார்கள்? பிரெஞ்சுக் குடும்பங்களின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். அந்நாட்டுத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை 1936இல் இரண்டு வாரமாகத் தொடங்கி, 1956இல் மூன்று வாரமாகி, 1969இல் நான்கு வாரமானது. கோடை வந்தால் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை காரில் ஏறிக் கடற்கரை நோக்கிப் புறப்படுவார்கள்.

பெட்டிகளை ஏற்றினால் சாதாரண காரின் பின்பகுதி தாழும். முன்பகுதி நிமிரும். இரவில் முன்விளக்கு வீதியைக் காட்டாமல் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும். ஜீ.எஸ். காருக்கு இந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு ஏற்றினாலும் மட்டமாகவே நிற்கும். மேலதிகச் சக்கரத்தை முன்னால் இயந்திரத்துக்கு மேலே வைத்துவிட்டதால், பின்னால் பெட்டி வைக்கும் இடம் தட்டையாகவும் விசாலமாகவும் கிடைத்தது. அதன் மூடி பம்பர் வரைக்கும் கீழிறங்கித் திறக்கும். பாரமான பெட்டியை நெஞ்சளவு தூக்கிப் போட வேண்டிய அவசியமில்லை.

இந்த எண்ணெய் அமைப்பின் ஒரு பகுதியை ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1965இல் தன் ‘சில்வர் ஷடோ’ காரில் பயன்படுத்தியது. கோடீஸ்வரர்களின் காரில் இருந்த அந்தச் சுகம், ஐந்து ஆண்டுகளில் ஓர் ஆசிரியரின் குடும்பக் காருக்கும் வந்து சேர்ந்தது. ஜீ.எஸ். காரின் பெருமையே இதுதான் என்பேன்.

பட்டம் பெறாத மேதை

இந்த அமைப்பை உருவாக்கியவர் யார் தெரியுமா? போல் மஜேஸ் என்பவர். 1908இல் பிறந்தவர். பதினேழு வயதில் சிட்ரோயன் நிறுவனத்தில் சேர்ந்தார். பொறியியல் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. வேலை செய்துகொண்டே தாமாகக் கற்றுத் தேறியவர். அவருடைய கண்டுபிடிப்பு 1954இல் ஒரு காரின் பின்சக்கரங்களில் மட்டும் முதலில் வந்தது. அடுத்த ஆண்டு டீ.எஸ். காரின் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. பின்னர் ஜீ.எஸ். காருக்கும், அதன் பின் வந்த பல கார்களுக்கும் பரவி, 2017 வரை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உற்பத்தியில் இருந்தது. பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையை ‘இவன் எதற்கும் உதவான்’ என்று ஏசும் முன் இந்த மனிதரைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் புதுமைகள் எல்லாம் குடும்பத்துக்கு நன்மையாக முடிவதில்லை. 1973இல் இதே காரில் ‘வான்கெல்’ எனப்படும் சுழல் இயந்திரத்தைப் பூட்டி விலை உயர்ந்த ஒரு வகையை வெளியிட்டார்கள். பெற்றோலை அதிகமாகக் குடிக்கும் இயந்திரம் அது. அந்த ஒக்டோபர் மாதமே எண்ணெய் நெருக்கடி வந்தது. 847 கார்களோடு உற்பத்தி நின்றது. விற்றவற்றையும் திரும்ப வாங்கி அழிக்க நிறுவனம் முயன்றது. குடும்பத்தின் தேவையை எண்ணிச் செய்த சாதாரண ஜீ.எஸ். கார்களோ, 1979இல் பின்கதவோடு வந்த ஜீ.எஸ்.ஏ. வகையும் சேர்ந்து, 1986 வரை சுமார் 25 இலட்சம் செய்யப்பட்டன.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். இந்தக் கார் நல்ல கார்தான். ஆனால் நல்ல கார் என்பது வேறு, ஐம்பது வருடம் ஓடி முடித்த நல்ல கார் என்பது வேறு. நான் அவருக்கு எழுதியவை இவை:

முதலாவது, எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். இந்தக் காருக்கு ஊற்ற வேண்டியது பச்சை நிறமான கனிம எண்ணெய். கடையில் விற்கும் சாதாரண பிரேக் எண்ணெய் வேறு இனம். அறியாமல் அதை ஊற்றினால் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். கார் எழும்புவதும் நின்றுவிடலாம், பிரேக்கும் போய்விடலாம். எண்ணெய் தெளிந்த பச்சையாக இருந்தால் நல்லது. கபில நிறமாக மாறியிருந்தால் பல காலம் மாற்றவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, இயந்திரம் ஓடும்போது பின்பகுதியைக் கையால் அழுத்துங்கள். மெத்தையைப் போல் இறங்கி எழ வேண்டும். கட்டையைப் போல் நின்றால் உருண்டைகளில் வாயு குறைந்துவிட்டது. அவற்றை மாற்றலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

மூன்றாவது, ‘டிக்’ என்ற சத்தத்துக்குக் காது கொடுங்கள். அழுத்தம் குறையும்போது பம்பு மறுபடி வேலை தொடங்கும் சத்தம் அது. இடைக்கிடை கேட்டால் பரவாயில்லை. இரண்டு மூன்று செக்கனுக்கு ஒரு தடவை கேட்டால், அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருண்டை பழுதாக இருக்கலாம், அல்லது எங்கோ கசிவு இருக்கலாம்.

நான்காவது, துரு. அக்காலக் கார்களின் தகடு துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்காது. வண்டிக்கு அடியில் எண்ணெய் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களும் துருப்பிடிக்கும். கார் நின்ற இடத்தில் பச்சைத் துளி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, இயந்திரத்தில் பல் வைத்த இரண்டு இறப்பர்ப் பட்டிகள் உண்டு. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பட்டி அறுந்தால் இயந்திரமே சேதமாகும்.

ஆறாவது, பின் இருக்கையில் மூன்று பிள்ளைகளுக்கும் பாதுகாப்புப் பட்டி இருக்கிறதா? அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் பின்னால் பட்டி இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: எழுந்து நிற்கும் இந்தக் கார் எந்த நேரமும் தாழலாம். தாங்கி வைக்காமல் அதன் கீழே எவரும் போகக் கூடாது. உருண்டு போன பந்தை எடுக்கக் கூடப் பிள்ளைகளை விடாதீர்கள். முகப்பில் உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு அணையும் வரை காரை நகர்த்தவும் கூடாது.

மறைந்திருக்கும் குறை

சகோதரிகளே! இந்தப் பட்டியலைப் பாருங்கள். எண்ணெய், வாயு, குழாய், பட்டி... இவற்றில் பெரும்பாலானவை பார்ப்பவர் கண்ணில் படாதவை. வாங்குபவர் பார்ப்பது நிறத்தையும் இருக்கைத் துணியையும்தான். உள்ளே என்ன ஊற்றப்பட்டது என்பது விற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே இப்படியான பொருளை விற்பவர் பொருளை மட்டும் கொடுத்தால் போதாது. அதைப் பற்றித் தமக்குத் தெரிந்ததையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பிரான்சின் சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. நான்கு வயதைக் கடந்த காரை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பரிசோதனை அறிக்கையை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். பொருளில் மறைந்திருந்த பாரதூரமான குறைக்கு விற்றவரே பொறுப்பு என்னும் விதி, 1804ஆம் ஆண்டு முதலே அந்நாட்டுச் சிவில் சட்டக் கோவையில் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் வியாபாரச் சட்டப் பாடத்தில் ‘கியாருல் அய்ப்’ என்று நாம் ஓதிக் கொடுப்பதும் இதைத்தான். வாங்கிய பொருளில் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. குறையைத் தெரிந்துகொண்டே மறைத்து விற்பது விற்றவருக்கு ஆகாது. பாரிசிலும் சரி, நம் ஊர்ச் சந்தையிலும் சரி, மனிதர் ஏமாறும் இடமும் ஒன்று, நீதி வேண்டி நிற்கும் இடமும் ஒன்று.

இரண்டு கிழமை கழித்துச் சகோதரியிடமிருந்து பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை குடும்பமாகப் போயிருக்கிறார்கள். நான் எழுதிய கேள்விகளைக் கணவர் ஒவ்வொன்றாகக் கேட்கத் தயாராக நின்றாராம். ஆனால் விற்பவரான அந்த முதியவர் வணக்கம் சொல்லிவிட்டு முதலில் செய்த வேலை, பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கித் துருவேறிய ஓட்டையைக் காட்டியதுதான். பிறகு பற்றுச்சீட்டுக் கோவையைக் கையில் கொடுத்தார். எண்ணெய், பட்டி, உருண்டை எல்லாம் திகதியோடு இருந்தன. கடைசியாகப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, “பின்னால் பட்டி இல்லை. சின்னப் பிள்ளைகளோடு தினமும் ஓடுவதற்கு இதை வாங்காதீர்கள்” என்று அவரே சொல்லிவிட்டார்.

“நாங்கள் வாங்கவில்லை ஹஸ்ரத்” என்று முடித்திருந்தார் சகோதரி. “ஆனால் பிள்ளைகளை ஏற்றித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நானும் பின்னால்தான் இருந்தேன். கல் பாவிய பாதை என்றே தெரியவில்லை.”

விற்பனை நடக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் சேமிப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் தப்பின. பின் இருக்கையை மறக்காமல் செய்யப்பட்ட காரை, பின் இருக்கையில் அமரப் போகிறவர்களை மறக்காத மனிதர் ஒருவர் வைத்திருந்தார் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நாளை உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தையோ குளிர்சாதனப் பெட்டியையோ விற்க நேரலாம். துடைத்து மினுக்கி வையுங்கள், அதில் பிழையில்லை. வாங்க வருபவர் கேட்கும் முன்னர் விரிப்பைத் தூக்கி ஓட்டையையும் காட்டிவிடுங்கள்.